ஏழையும் புதிய மருந்தும்



கிருலப்பனையில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் ஹைலெவல் வீதி வழியே மகரகமவுக்குப் போய்விடலாம். அங்குள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கூலித் தொழிலாளிக்கும் சிகிச்சை இலவசம். இது நாம் பெருமைப்படத்தக்க காரியமே. ஆயினும் ஒரு புதிய மருந்து வரும்போது அதன் ஆபத்து முதலில் எவருக்கு, அதன் பலன் முதலில் எவருக்கு என்னும் கேள்வி எழுகின்றது.

புதிய மருந்து நேரே மருந்துக் கடைக்கு வருவதில்லை. சம்மதிக்கும் நோயாளர் சிலருக்கு அதைக் கொடுத்து, பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதுவே மருத்துவப் பரிசோதனை. “எங்களை எலிகளாக்கப் பார்க்கிறார்கள்” என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1999, 2000ஆம் ஆண்டுகளில் திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் நிலையத்தில் வாய்ப்புற்றுநோயாளருக்குப் புதிய இரசாயனங்கள் ஊசி மூலம் ஏற்றப்பட்டன. அதில் சம்பந்தப்பட்டிருந்தவர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர். 2001இல் அப்பல்கலைக்கழகமே விசாரணை நடத்தி, தனது நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை என்றும், நோயாளருக்கு அளித்த விளக்கம் போதாது என்றும் கண்டது.

அப்படியாயின் ஏழைகளை இத்தகைய ஆய்வுகளிலிருந்து விலக்கி வைப்பதுதான் நீதியா? அதுவும் அல்ல. மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையின் முயற்சியைப் பாருங்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நிவோலுமாப் என்னும் மருந்து உண்டு. அதன் விலையோ சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்தால் பயன் தருமா என்று அங்குள்ள வைத்தியர்கள் 151 நோயாளரிடம் ஆராய்ந்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளை மட்டும் பெற்றோரில் நூற்றுக்குச் சுமார் 16 பேரே ஓராண்டு உயிர்வாழ்ந்தனர். அவற்றோடு இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றோரிலோ சுமார் 43 பேர். ஏழைகளை ஒதுக்கியிருந்தால் இந்த விடை கிடைத்திராது. பணம் படைத்த நாடுகளில் இப்படியொரு கேள்வியைக் கேட்கும் தேவையும் பெரிதாக எழுந்திராது.

இரண்டு இடங்களிலும் நோய் ஏறக்குறைய ஒன்றே. ஓரிடத்தில் மனிதன் கருவியானான். மற்ற இடத்தில் அவனுடைய இல்லாமையே ஆய்வின் கேள்வியாயிற்று. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்தான். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

ஆகவே கதவு திறக்கப்பட வேண்டும். ஆனால் “வரலாம்” என்று சொன்னால் மட்டும் கதவு திறந்ததாகாது. பரிசோதனையில் சேர்ந்தவர் பலமுறை வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நாட்கூலிக்காரனுக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் சம்பள இழப்பு. அந்த இழப்பை ஈடுசெய்யாமல் ஏழைக்கும் இடமுண்டு என்பது வெறும் பேச்சு. சம்மதப் பத்திரம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. தமிழில் விளக்கவும், கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லவும் ஆள் வேண்டும். “வேண்டாம்” என்று மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையாது என்ற உறுதியும் வேண்டும். மறுக்க முடியாதவனுடைய சம்மதம் சம்மதமாகாது.

இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் மருத்துவப் பரிசோதனைகளுக்கென ஒரு பதிவேட்டை ஆரம்பித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவேடு நோயாளியின் பக்கத்தில் வந்து உட்காராது. எழுதப்படிக்கத் தெரிந்த நாம் உட்காரலாம். அயல்வீட்டுக்காரர் ஒருவரிடம் இத்தகைய பத்திரம் நீட்டப்பட்டால் அவரோடு சேர்ந்து வாசியுங்கள். இதனால் என்ன ஆபத்து? இடையில் விலக முடியுமா? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? மருந்து பலன் தந்தால் ஆய்வு முடிந்த பின்னரும் கிடைக்குமா? இவற்றை வைத்தியரிடம் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். பரிசோதனை குணம் தரும் என்று மட்டும் வாக்களித்துவிடாதீர்கள். முடிவை அவரே எடுக்கட்டும்.