போக யாத்திரையும் தீர்த்த யாத்திரையும்

சமுத்திரத்தைக் கடந்து செல்லலாமா என்ற வினா நம் முன்னோரை நெடுங்காலம் வருத்தியது. ஒருவனைத் தன் நிலையிலிருந்து வீழ்த்தும் பாதகங்களை எண்ணிச் சொல்லும் இடத்தில் போதாயன தர்மசூத்திரம் கடற்பிரயாணத்தையே முதலில் வைக்கிறது. வடதேசத்தாரிடம் அது வழக்கமாக இருந்தது என்பதையும் அதே நூல் வேறோர் இடத்தில் ஒப்புக்கொள்கிறது. 1888ஆம் ஆண்டில் சட்டம் படிக்கச் சீமைக்குப் புறப்பட்ட மோகன்தாஸ் காந்தியை, பம்பாயில் அவருடைய சாதியார் சபை கூடி விலக்கிவைத்தனர். 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய கணித மேதை இராமானுஜன், அதற்கு முன் தம் அன்னையாரின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் ஆணையிட்ட பிறகே அவ்வம்மையார் மனம் இசைந்தார் என்பர். அந்த வினா இன்று எவரையும் வருத்துவதில்லை. அதற்குப் பதிலாக, அக்காலத்து ஸ்மிருதிகாரர்கள் எண்ணிப் பார்த்தே இராத வேறொரு வினா எழுந்திருக்கிறது.

பொருள் தேடியும், கல்வி நாடியும், அரச காரியமாகவும் கடல் கடந்தவர்களைப் பற்றியே பழைய விவாதம் நடந்தது. எங்கும் போய்ச் சேரவேண்டிய தேவை எதுவுமின்றி, சுகம் ஒன்றையே கருதி, ஒரு வார காலம் நீரில் மிதந்துவிட்டுப் புறப்பட்ட துறைக்கே திரும்பும் பிரயாணம் பிற்காலத்தில் தோன்றியது. ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடப்பவர்கள் குறைந்து கப்பல்கள் வேலையின்றி நிற்பதைக் கண்டு, 1891 ஜனவரியில் ‘அவுகுஸ்தா விக்டோரியா’ என்ற கப்பலை 241 பிரயாணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு உலா அனுப்பினார். அதிலிருந்து வளர்ந்த தொழிலில் 2024ஆம் ஆண்டு கடலில் இறங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’, இருபது தளங்களில் 7,600 பேர் வரை ஏற்றிச் செல்லும் சிறு நகரமாகவே இருக்கிறது. இப்போது நம் குடும்பங்களிலும், பணி ஓய்வு பெற்ற பெற்றோருக்கு அயல்நாட்டில் வாழும் மக்கள் இத்தகைய பிரயாணத்துக்குச் சீட்டு வாங்கித் தருவது சாதாரணமாகிவிட்டது. அப்பெற்றோருள் தர்மத்தைச் சற்று ஆழ்ந்து எண்ணும் சிலர், “இந்த வயதில் காசிக்கும் பத்ரிக்கும் போகாமல் இதற்குப் போவது தகுமா?” என்று என்னிடம் கேட்டதுண்டு. மனச்சான்றிலிருந்து எழுந்த கேள்வியாகையால், அதற்கு ஆற அமர விடை சொல்ல வேண்டும்.

போகம் என்பதே இழிவு, வீட்டிலிருந்து நாமஜபம் செய்வதே மேல் என்று கூறிவிடுவது எளிது. நேர்மையாகச் சம்பாதித்த பணம், அதை எப்படிச் செலவழித்தால் யாருக்கென்ன என்று கூறிவிடுவதும் அவ்வளவே எளிது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அறம், பொருள், இன்பம் என்று அடுக்கிய நம் பெரியோர் இன்பத்தை அந்த வரிசையிலிருந்து நீக்கவில்லை. ஆயினும் அறத்தை முதலில் வைத்து, அதன் ஆட்சிக்குள் நிற்பதே இன்பம் என்று கொண்டனர். மகாபாரதத்தின் வன பர்வத்தில் தீர்த்தங்களின் மகிமையைப் புலஸ்தியர் பீஷ்மருக்கு உரைக்கும்போது, நதிகளின் பெயர்களை வரிசைப்படுத்துவதற்கு முன்னதாகவே, தீர்த்த பலன் யாருக்குக் கிடைக்கும் என்பதை வரையறுத்துவிடுகிறார்: கைகால்களையும் மனத்தையும் அடக்கியவனுக்கு, மிதமாக உண்பவனுக்கு, கோபம் தணிந்தவனுக்கு, பிற உயிர்களைத் தன்னுயிர்போல் காண்பவனுக்கு. இந்த நியமங்கள் இல்லாமல் கங்கையில் மூழ்கி எழுபவன் உடம்பை நனைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். அப்படியாயின், இதே நியமங்களை உடன்கொண்டு ஒருவன் உல்லாசக் கப்பலில் ஏறினால் அந்தப் பிரயாணம் என்னவாகிறது? போக யாத்திரையைத் தீர்த்த யாத்திரையிலிருந்து பிரிக்கும் எல்லைக்கோடு, போகும் இடத்தைவிடப் போகிறவனின் நடையிலேயே பெரும்பாலும் இருக்கிறது என்பது என் துணிபு. கப்பலில் எதிர்ப்படும் நடைமுறைக் காரியங்கள் ஒவ்வொன்றும் இந்த இடத்திலேயே நம்மைச் சோதிக்கின்றன.

முதற்சோதனை உணவு. விடியற்காலை முதல் நள்ளிரவு வரை எந்த வேளையிலும் திறந்திருக்கும் போஜனசாலைகள், ஏற்கெனவே செலுத்திய கட்டணத்துள் அடங்கியவை என்பதனால், பசியைக் கேளாமல் கண்ணைக் கேட்டு உண்ணும் பழக்கம் இரண்டாம் நாளிலேயே வந்துவிடுகிறது. நம் கல்யாணப் பந்தியில் இலை ஒன்றுதான், பரிமாறுபவர் இருக்கிறார், வரிசை எழும்போது நாமும் எழுந்தாக வேண்டும். பஃபேயில் இந்த மூன்று காவல்களும் இல்லாமையால், காவலை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேரம் குறித்து, மேஜையில் அமர்த்தி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் பெரிய போஜன மண்டபத்தையே இரவு உணவுக்குத் தேர்ந்துகொள்ளுமாறு நான் சொல்வது இதற்காகத்தான். சைவ உணவு வேண்டுவோர் அதைச் சீட்டு வாங்கும்போதே தெரிவித்துவிட வேண்டும். முதல் இரவிலேயே போஜன மண்டபத்தின் தலைமைப் பணியாளரைக் கண்டு, மீனும் முட்டையும் கூடத் தவிர்ப்பவர்கள் நாம் என்பதை விளங்கச் சொல்லிவிட்டால், பல கப்பல்களில் மறுநாள் முதலே பருப்பும் ரொட்டியும் சோறும் தனியே சமைத்துத் தருகிறார்கள். ஏகாதசி விரதம் உள்ளவர்கள் அதைக் கப்பலிலும் தாராளமாக அனுஷ்டிக்கலாம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க ஒரு நாள் உண்ணாதிருப்பது, வீட்டில் இருப்பதைவிட அங்கேதான் விரதம் என்ற பெயருக்கு உரியதாகிறது.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலையில் கப்பலின் முன்னும் பின்னும் ஏறி இறங்க, நடுப்பகுதி அசைவு குறைந்து நிற்பதால், தலைசுற்றலுக்கு அஞ்சுபவர்கள் கீழ்த்தளங்களில் நடுவிலுள்ள அறையைக் கேட்டு வாங்க வேண்டும். இஞ்சி கையில் இருக்கட்டும். மேல்தளத்துக்கு அடிக்கடி ஏற இயலாத முதியவர்களுக்குப் பால்கனி அறைக்கான அதிகச் செலவு தகும், மற்றவர்களுக்குத் தகாது. புறப்படும் நாளுக்கு முந்தைய தினமே துறைமுக நகரத்தை அடைந்துவிடுங்கள். தாமதமாய் வருபவருக்காகக் கப்பல் காத்திராது. புறப்படும் முன் நடத்தும் அபாய காலப் பயிற்சியைத் தொந்தரவாக எண்ணித் தட்டிக் கழிப்பவர்களைப் பார்க்கிறேன். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று மாலை ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சியே அளிக்கப்பட்டிருக்கவில்லை. தன் லைஃப் ஜாக்கெட் எங்கே, தன் படகு எது என்று அறிந்துவைப்பது, ஆபத்தில் பிறருக்குப் பாரமாகாதிருக்கும் கடமை.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். நம் படுக்கையை நாள்தோறும் திருத்தி, துண்டை யானையாகவும் அன்னமாகவும் மடித்துவைத்துச் செல்லும் பணியாளர் பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்தோ, இந்தோனேசியாவிலிருந்தோ, நம் தேசத்திலிருந்தோ வந்தவர். ஆறு முதல் ஒன்பது மாதம் வரை நீளும் ஒப்பந்தக் காலத்தில் அவருக்கு முழு நாள் ஓய்வு கிடைப்பது அரிது. 2006ஆம் ஆண்டில் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி ஓய்வு தரவேண்டும் என்கிறது. அதன் மறுபக்கத்தை வாசித்தால், நாளொன்றுக்குப் பதினான்கு மணி உழைப்புக்கு அது இடம் தருகிறது என்பது புலனாகும். பஹாமாஸிலும் பனாமாவிலும் பெர்முடாவிலும் பதிவு பெற்ற கப்பல்களில், நாம் புறப்படும் நாட்டின் தொழிற்சட்டங்கள் இவர்களைப் பெரிதும் எட்டுவதில்லை. நம் ஓய்வு இவர்களுடைய ஓய்வின்மையின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதை அறிந்தும் ஏறுவது தர்மமா என்று ஒருவர் கேட்டால், அவருக்கு நான் தரக்கூடிய விடை பூரணமானதன்று. அந்தச் சம்பளத்தில் ஊரில் வீடு எழும்பிய கதையையும், குழந்தை நடைபழகியதைப் பாராமற்போன துக்கத்தையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏறியவன் செய்யக்கூடியது மட்டும் தெளிவாக இருக்கிறது. நாள்தோறும் கணக்கில் தானாகச் சேரும் சேவைக் கட்டணத்தை அலுவலரிடம் சொல்லி நீக்கிவிடலாம் என்று யோசனை கூறுபவர்கள் உண்டு. அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள். அக்கட்டணத்துக்கு மேலும் கையிலே கொடுங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். வயதில் இளையவராயினும் மரியாதையுடன் பேசுங்கள். தீர்த்தத் தலங்களில் தானத்தை ஸ்நானத்துக்குச் சமமாக வைத்த சாஸ்திரம் கப்பலில் கேட்பதும் இதைத்தான்.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் அலாஸ்காவைச் சொல்வேன். அங்கே கப்பலுக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பது பெரிது என்பதால், மனம் தானாகவே வெளியே திரும்புகிறது. ஒரு நடைமுறை எச்சரிக்கை மட்டும் முதலில்: அயல்நாட்டுக் கப்பல்கள் அமெரிக்கத் துறைகளுக்கிடையே மட்டும் பிரயாணிகளை ஏற்றிச் செல்வதை 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுப்பதால், சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்களும் கனடாவில் ஒரு துறையைத் தொட்டே திரும்புகின்றன. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கனடா விசாவையும், பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசாவையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தின் பிற்பாதியில் அலாஸ்காவின் ஜூனோ நகரில் நான்கு மணிக்கு முன்பே உதயமாகி இரவு பத்து மணிக்குப் பிறகே அஸ்தமனமாவதால், சந்தியாவந்தனம் செய்பவர்கள் கால நிர்ணயத்தைத் தம் ஆசாரியரிடம் கேட்டுச் செல்வது நலம்.

பனிவிரிகுடா என்று சொல்லத்தகும் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலேறி, அவ்விடத்தின் வரலாற்றை எடுத்துரைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மைல் அகலமுள்ள மார்ஜரி பனியாற்றின் முகப்புக்கு எதிரே கப்பல் நின்றபோது, நீலம் பாய்ந்த அந்தச் சுவரிலிருந்து ஒரு கோபுரம் அளவு பாளம் சாய்ந்து விழுந்ததைக் கண்டேன். விழுவது முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. ஓசை பின்னர் வந்து மார்பில் மோதியது. அதன் பிறகு மெல்லிய அலையொன்று பனித்துண்டங்களை ஆட்டிக்கொண்டே எங்களை அணுகியது. அருகில் நின்றவர்களுள் பலர் தம் கருவிகளில் அதைப் பிடிப்பதிலேயே முனைந்திருந்தார்கள். தன்னை மறக்க வைக்கும் ஒரு பொருளின் முன் தன்னையே படமெடுத்துக்கொள்ளும் இந்த வழக்கம், புலஸ்தியர் சொன்ன அடக்கத்தைக் குலைப்பது என்பேன். அந்த ஒரு மணி நேரமாவது கருவியை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஆனால் அந்த விரிகுடா வெறும் காட்சிப் பொருளாக அங்கே கிடக்கவில்லை. ஹூனா டிலிங்கிட் என்னும் பழங்குடியினருக்கு அது முன்னோர் வாழ்ந்த பூமி. அவர்களுடைய ஆன்மிக இல்லம். 1700களின் நடுவில் பனியாறு முன்னேறி வந்து அவர்களுடைய குடியிருப்புகளை அழித்து அவர்களைத் துரத்தியது. பனி பின்வாங்கிய பிறகு, 1925இல் அவ்விடம் அரசின் காப்பு நிலமானது. அதன்பின் வந்த விதிகள் அவர்களுடைய வேட்டையையும் சேகரிப்பையும் தடுத்தன. 2016ஆம் ஆண்டில்தான் அந்த விரிகுடாக் கரையில் அவர்களுடைய குல மண்டபம் மீண்டும் எழுந்தது. நாம் உல்லாசத் தலம் என்று சீட்டு வாங்கிப் போகும் இடம் இன்னொரு சமூகத்தாரின் தீர்த்தம் என்பதை அறிந்தவுடன், பிறர் கோயிலுக்குள் நுழைபவன் நடக்க வேண்டிய முறையில் நடக்கும் கடமை நமக்கு வந்துவிடுகிறது.

அந்தக் கடமையை நாம் செய்கிறோமா? முப்பதாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஜூனோவுக்கு 2023இல் மட்டும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் வந்து இறங்கினர். நெரிசல் தாங்காமல் அந்நகரத்தார் கப்பல் கம்பெனிகளுடன் பேசி, 2024 முதல் நாளொன்றுக்குப் பெரிய கப்பல்கள் ஐந்துக்கு மேல் வராதபடி உடன்பாடு செய்துகொண்டனர். துறையை ஒட்டிய தெருவில் நகைக் கடைகள் நிறைந்திருக்கின்றன; அவற்றுள் பல, கப்பல்கள் வரும் காலத்தில் மட்டும் திறந்திருந்து, பின்னர் உரிமையாளரோடு வெளியூருக்குப் போய்விடுபவை. அத்தெருவைக் கடந்து உள்ளூர்க்காரர் நடத்தும் கடைகள் வரை நடக்கக் கால் உள்ளவர்கள் நடக்க வேண்டும். கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது வேறொன்றையும் பாருங்கள்: பனியாறு துரத்திய அம்மக்கள் போய்க் குடியேறிய ஹூனா என்னும் ஊரின் அருகே, பழைய சால்மன் மீன் பதனத் தொழிற்சாலையைச் சுற்றி ஐசி ஸ்ட்ரெயிட் பாயிண்ட் என்ற துறை இருக்கிறது, 2004 முதல் கப்பல்கள் அங்கே வருகின்றன. அதன் உரிமை, அந்தப் பழங்குடியினரே பங்குதாரராயுள்ள ஹூனா டோட்டம் கார்ப்பரேஷனிடம் இருக்கிறது. விலையும் நாட்களும் ஒத்த இரண்டு பிரயாணங்கள் உங்கள் முன் இருந்து, அவற்றுள் ஒன்று அத்துறையில் நிற்குமாயின், நிற்பதையே தேர்ந்து, அங்கே இறங்கி, அவர்கள் தம் வாயால் சொல்லும் தங்கள் கதையை அமர்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.