எல்லை வகுத்த பின்பே இழப்பு

எலிக்குட்டி பிறந்த நொடியில், தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்த உணவு நின்றுபோகிறது. தாய்ப்பால் போதிய அளவு கிடைக்கும்வரை அதன் உடல் தன்னையே கொண்டு தன்னைக் காக்கிறது. செல்கள் தம்மிடமுள்ள புரதங்களில் ஒரு பகுதியை அமினோ அமிலங்களாக உடைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்கின்றன. இதற்கு வேண்டிய மரபணு ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தபோது, குட்டிகள் ஒரு நாளுக்குள் இறந்துபோயின. 2004இல் வெளியான ஆய்வு இது.

ஆட்டோஃபேஜி எனப்படும் இந்தத் தன்னுண்ணலில் வியக்க வைப்பது அதன் ஒழுங்கு. பசி வந்ததும் செல் எதையும் நேராக உடைத்துவிடுவதில்லை. முதலில் ஒரு சவ்வைப் புதிதாக உருவாக்குகிறது. சிறு துணுக்காகத் தொடங்கும் அந்தச் சவ்வுக்கு, அருகிலுள்ள எண்டோபிளாச வலையிலிருந்து ஒரு புரதத்தின் வழியே கொழுப்பு மூலக்கூறுகள் வந்து சேர்கின்றன. அது விரிந்து, கிண்ணமாக வளைந்து, உடைக்க வேண்டியதை உள்ளே வாங்கி வாய் மூடிக்கொள்கிறது. ஏறத்தாழ 10 நிமிடத்தில் இரட்டைச் சுவர் கொண்ட பை தயார். உடைக்கும் நொதிகளைக் கொண்ட லைசோசோம் என்ற உறுப்போடு அது இணைந்த பிறகே நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. உடைந்தவை மூலப்பொருளாகச் செல்லுக்குத் திரும்புகின்றன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவும் இவ்வாறே அகற்றப்படுகிறது.

இந்தப் பைகள் ஈஸ்ட் செல்லின் உள்ளறையில் வந்து குவிவதை ஜப்பானிய ஆய்வாளர் யோஷினோரி ஓசுமி 1988இல் நுண்ணோக்கியில் கண்டார். தொடர்ந்து, இந்த வேலையை நடத்தும் மரபணுக்களையும் இனங்கண்டார். 2016இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நெருக்கடி வந்தால், செல்லைப் போல நாமும் சிலவற்றை இழக்கத்தான் வேண்டும். ஆனால் பதற்றத்தில் உறக்கத்தை விடுகிறோம், உடல்நலத்தை விடுகிறோம், உடனிருப்பவர்களிடம் காட்டும் பொறுமையையும் விட்டுவிடுகிறோம். எல்லையில்லாமல் விடுவது தியாகமாகாது, அது சிதைவு. எதை விடலாம், எதைத் தொடக் கூடாது என்று வகுத்துக்கொண்டு விடுபவருக்கு இழப்பும் பலமாக மாறித் திரும்பி வரும்.

இன்று எதையாவது குறைக்க வேண்டியிருந்தால், குறைக்கக் கூடாதவற்றை முதலில் எழுதி வையுங்கள்.