உயரமும் எடையும்



ஆயர் ஈத்தாம் சந்தியில் கடை வைத்திருக்கும் நம் அன்பர் ஒருவர் சென்ற ஜும்ஆவுக்குப் பின் என்னைத் தனியே அழைத்தார். அவர் மகனின் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. உயரம் போதாதென்று கால் எலும்பை நீட்டும் ரண சிகிச்சை செய்துகொள்ளப் போகிறானாம். "உயர்ந்தால் பருமனும் குறையுமாமே ஹஜ்ரத்?" என்றார்.

இம்முறையை 1950-களில் சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்னும் டாக்டர், எலும்பு முறிந்து கூடாதவர்களுக்காக வகுத்தார். எலும்பை அறுத்து, வெளியே வளையம் பூட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்குவார்கள். இடையில் புது எலும்பு வளரும். 5 சென்டிமீட்டருக்கு 50 நாள். அது கெட்டிப்பட மேலும் பல மாதம். ஆனால் தசையும் நரம்பும் அவ்வேகத்துக்கு இணங்குவதில்லை. மூட்டு இறுகலாம், பாதம் தொங்கலாம், கம்பி நுழைந்த இடம் சீழ் பிடிக்கலாம். ஸுஜூதுக்குப் போக முழங்காலும் கணுக்காலும் அல்லவா வேண்டும்!

எடைக்கு வருவோம். அப்பிள்ளையின் எடைக் குறியீடு இன்று 27.3, ஐந்து சென்டிமீட்டர் நீண்டால் 25.7. கொழுப்பிலோ குன்றிமணியளவும் குறையவில்லை. சரக்கு இருந்தபடியே இருக்க, பேரேட்டை மட்டும் திருத்திய கதைதான்! நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பேரேட்டைப் பார்த்து வருவதில்லை. மாதக்கணக்கில் காலூன்றி நடக்காதவனுக்குத் தசை மெலியும். உணவைக் குறைக்காவிட்டால் வயிறு பெருக்கும்.

2016-இல் ஐதராபாத்தில் ஓர் இளைஞர் பெற்றோருக்குத் தெரியாமல் இச்சிகிச்சை செய்துகொண்டார். மகனைக் காணோமென்று பெற்றோர் போலீசில் சொல்ல, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண்டார்கள். அவர்கள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

வைத்தியத்தை மார்க்கம் தடுக்கவில்லை. போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்கு செய்துகொள்ளப் பெருமானார் (ஸல்) அனுமதித்தார்கள். குறையில்லாத காலை அழகுக்காக அறுப்பது வேறு. அது இறைவன் படைப்பை மாற்றுவதென்று உலமாக்கள் பலர் விலக்குகிறார்கள்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மெலிந்த காலுடையவர்கள். மிஸ்வாக் குச்சி ஒடிக்க மரமேறியபோது காற்றில் ஆடை விலக, கண்டவர்கள் சிரித்தார்கள். அக்கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையினும் கனமானவை என்றார்கள் பெருமானார். இதைத் தகப்பனாரிடம் சொன்னேன். மகனையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கால் குட்டையாகப் பிறந்த பிள்ளையின் காரியம் வேறு. அதற்கே இவ்வைத்தியம் உரியது. அத்தகைய பிள்ளை எவர் வீட்டிலேனும் இருந்தால், செலவுக்கு அஞ்சி மறைக்க வேண்டாம். ஜமாஅத்தாரிடம் வந்து சொல்லுங்கள்.