மகவுக்கு இடும் நாமம்



மகவு பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயரிடுதல் நம் மரபு. இக்காலத்துப் பெற்றோர் சிலர் எண்சோதிடத்துக்கு இசைந்த ஒலியொன்றையே நாடிப் பொருளில்லாப் பெயர்களை இடுகின்றனர். எம் வகுப்புச் சிறுவன் ஒருவனை, "நின் பெயரின் பொருள் யாது?" என வினவினோம், அவன் தலைகவிழ்ந்தான். நாணவேண்டியவர் நாமே, அப்பெயரை நன்றென்று அவன் தந்தைக்கு உரைத்தவரும் நாமே.

நாம் மிசன் பாடசாலையிற் பயின்றகாலைக் கத்தோலிக்கத் தோழர் தத்தம் பெயர்க்குரிய புனிதரின் சரிதத்தைப் பிழையின்றிச் சொல்லுவர். நம் மக்கட்கும் அப்பேறு வேண்டாவோ? திங்களூர் அப்பூதியடிகள் நாவுக்கரசரைக் காணுமுன்னரே தம் மைந்தர் இருவர்க்கும் அவர் திருப்பெயரையே இட்டனர் எனப் பெரியபுராணம் கூறும். மைந்தரை அழைக்குந்தோறும் அடியாரை நினைந்தது அவ்வில்லம்.

பெயரின் வலிமையை மன்னார் நாட்டார் மறத்தலாமோ? பறங்கியர் திருக்கேதீச்சரத்தை இடித்தனர், கோயில் காடாயிற்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பெயரோ அழிந்திலது. அப்பெயரை நினைவூட்டியே 1872இல் ஆறுமுகநாவலர் கோயிலை மீட்க நம்மவரை அழைத்தனர்.

ஆதலின், பாலாவிக் கரையில் எழுந்தருளிய கேதீசுவரன், கௌரி என்னுந் திருநாமங்களை மக்கட்கு இடுமின், பொருளும் உணர்த்துமின். முன்கூறிய சிறுவனை அவன் பாட்டியார் வீட்டிற் கேதீசன் என்றே அழைக்கின்றாராம். அவ்வம்மையார்க்கு எம் வணக்கம்.

சிவம்.