பிள்ளையின் வாக்கு யாருக்குச் சொந்தம்?

தேர்தல் என்பது பெரியவர்களின் விவகாரம், பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. 2019 ஜூலையில் மலேசியப் பாராளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15-ல் அது நடப்புக்கு வந்தபோது, வாக்காளர் பதிவும் தானாகவே நிகழும்படி ஆயிற்று. ஆகவே ஐந்தாம் படிவம் முடித்த மறு ஆண்டே நம் பிள்ளை வாக்காளனாகிவிடுகிறான். சிங்கப்பூரில் வயது 21 என்றாலும், அங்கே 1959 முதல் வாக்களிப்பது கட்டாயக் கடமை.

இந்நிலையில் வகுப்பறைகளில் மாதிரித் தேர்தல் நடத்திப் பிள்ளைகளைப் பழக்குவது நன்றா என்பதை வாணிபப் பெருமக்களாகிய நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். வாக்காளர் பட்டியல் எழுதுவது, வேட்பாளர் பேசுவது, மறைவில் நின்று சீட்டில் குறியிடுவது, பெட்டியில் போடுவது, இரு தரப்பார் முன்னிலையில் எண்ணுவது, தோற்றவர் வென்றவருக்குக் கை கொடுப்பது ஆகிய இவ்வளவையும் அரை நாளில் கற்பித்துவிடலாம்.

"பள்ளிக்கூடத்தில் அரசியல் புகுந்துவிடுமே!" என்பர் சிலர். அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு வழியும் உண்டு. கனடாவில் 2003 முதல் உண்மைத் தேர்தல்களை ஒட்டி மாணவர் வாக்களிப்பு நடைபெற்று வருகிறது. உண்மை வேட்பாளர்களின் பெயர்களையே கொண்டு நடத்தியும், வாக்குச் சாவடிகள் மூடும்வரை மாணவர் முடிவை வெளியிடுவதில்லை. இவ்வளவுகூட வேண்டாம் என்போர், நூலகத்துக்கு எந்த நூல்கள் வாங்குவது என்பதையே போட்டிப் பொருளாக வைக்கலாம். முறையைக் கற்க அது போதும்.

உண்மையான சிக்கல் பள்ளியில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "யாருக்கு ஓட்டுப் போட்டாய்?" என்று தகப்பனார் கேட்கிறார். "அது இரகசியம் அத்தா, ஆசிரியர் சொல்லக் கூடாது என்றார்" என்கிறது பிள்ளை. இது மரியாதைக் குறைவா? பெற்று வளர்த்து, உலகம் அறிந்த தகப்பனுக்குத் தெரியக் கூடாத இரகசியமும் பிள்ளைக்கு உண்டா?

இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும். 1872-க்கு முன் பிரிட்டனில் வாக்காளன் எல்லோர் எதிரிலும் வாய்விட்டுத் தன் வேட்பாளரின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. நிலக்கிழாரும் முதலாளியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தனர். மாறி வாக்களித்த குடியானவன் குடியிருப்பை இழந்ததும் உண்டு. அதனால்தான் அவ்வாண்டு இரகசிய வாக்குச் சட்டம் வந்தது. குடியானவன் நாணயமற்றவன் என்பதற்காக அன்று; எதிரில் நிற்பவனின் கை ஓங்கியிருந்தது என்பதற்காகவே.

தகப்பனின் கை நிலக்கிழாரின் கையைவிட வலியது. ஏனெனில் அதில் அன்பும் கலந்திருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் சிப்பந்திக்கும் முதலாளியின் முகக்குறிப்பே போதும். வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாறாகவும் ஓர் அறிஞர் வாதித்தார். வாக்கு என்பது பொதுமக்கள் சார்பில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, ஆகவே அதை ஊரறியச் செலுத்துவதே முறை என்று 1861-ல் எழுதினார் ஜான் ஸ்டூவர்ட் மில். மறைவில் போடும் வாக்கு சுயநலத்துக்கு இடம் கொடுக்கும் என்பது அவர் கவலை. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. வாக்கு ஓர் அமானிதம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அமானிதம் காப்பவனின் நேர்மை எங்கே தெரிகிறது? பெட்டகத்தைத் திறந்து காட்டும்போதா, ஒருவரும் பார்க்காதபோதா? வாடிக்கையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் வேளையிலும் தராசின் முள் நடுவில் நிற்க வேண்டும் என்பது கடைக்காரராகிய நமக்குப் புதிய பாடமா? பிறர் கண்ணுக்கு அஞ்சிச் செய்யும் நீதி, கண் மறைந்ததும் மறைந்துவிடும். மனத்துக்கு அஞ்சிச் செய்வதே நிற்கும்.

மாதிரித் தேர்தலின் பயன் இங்கேதான் விளங்குகிறது. அந்தச் சின்னஞ்சிறு மறைவில், ஆசிரியரும் தோழரும் தகப்பனும் பாராமல், பிள்ளை தானே நியாயத்தை எடை போட்டுப் பார்க்கிறான். கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணிவிட்டால் இந்தப் பயிற்சி கிடைக்காது. உயர்ந்த கைகளைப் பார்த்துத் தானும் உயர்த்தவே அவன் கற்பான்.

அப்படியானால் பெற்றோருக்குப் பங்கே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 1988-ல் தொடங்கிய இத்தகைய பயிற்சியை ஆராய்ந்தவர்கள், பிள்ளைகள் வீட்டில் பொது விவகாரங்களைப் பேசத் தொடங்கியதையும், அதனால் பெற்றோருக்கும் அக்கறை கூடியதையும் கண்டனர். ஆகவே வாக்களிக்கு முன் தாராளமாகப் பேசுவோம். நம் அனுபவத்தைச் சொல்வோம். பிள்ளையின் கேள்விக்கும் காது கொடுப்போம். வாக்களித்த பின் மட்டும் கேளாதிருப்போம்.

சொல்லாமல் இருப்பது பிள்ளையின் உரிமை. கேளாமல் இருப்பது நம் பெருந்தன்மை. இதையே கடைச் சிப்பந்தியிடமும் காட்டினால், வகுப்பறையில் கற்பித்த பாடத்தை நாமும் கற்றவர்களாவோம்.