மரக்கறி உணவும் மனநலமும்

உணவு எவ்வாறோ உள்ளமும் அவ்வாறே என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றிய நம்பிக்கை. புரட்டாசித் திங்களிலும் தைப்பூச விரத நாட்களிலும் பேராக் மாநிலத்துத் தமிழ் இல்லங்கள் பலவற்றில் புலால் விலக்கப்படுகின்றது. அது மனத்திற்கு அமைதி தரும் என்பர். அம்மட்டில் நில்லாது, மரக்கறி உண்பார் மனம் தெளிந்தது, புலால் உண்பார் மனம் மருண்டது எனச் சிலர் தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பை ஆராய்வது நம் கடனாகும்.

இந்நாட்டிலேயே இதற்கொரு சான்றுண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவை வாட்டிற்று. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பெருந்தொகையினராய் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே தொட்டது. 1905-இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் பிளெட்சர் என்பார், அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முன்னவருள் பலர் நோயுற்று, 18 பேர் மாண்டனர். பின்னவரை நோய் அணுகவில்லை என்றே சொல்லலாம். இரண்டும் மரக்கறியே அன்றோ! நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் ஊறித் தங்குகிறது. அது குறையின் நரம்பு தளரும். நினைவும் அறிவும் குழம்பும். எனவே மனத்தைக் காப்பது உணவின் சாதியன்று, அதன் சத்தேயாம்.

2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மனச்சோர்வுற்றோர் சிலர் காய், கனி, பருப்பு, முழுத்தானியம் ஆகியவற்றை மிகுதியாக உண்டு தேறினர். ஆயினும் அவ்வுணவில் மீனும் அளவான இறைச்சியும் இருந்தன. மேலும், பி12 என்னும் உயிர்ச்சத்து செடிகொடிகளிற் கிடைப்பதன்று. அது குன்றினும் மனம் சோரும். பால், முட்டை முதலியவற்றையும் நீக்கியோர் அதனை மருந்தாகவேனும் கொள்ளல் வேண்டும்.

அங்ஙனமாயின் புலால் மறுத்தல் வீணோ? அன்று. பிறவுயிரின் துன்பம் கண்டு இரங்கி அதனை விடுவது உயர்ந்த அறம். அவ்வறத்திற்கு மருத்துவச் சான்று வேண்டுவதில்லை. சீவகாருண்யம் போதித்த வள்ளலார், புலாலை மறுத்ததோடு அமையாமல், 1867-இல் வடலூரில் தருமச்சாலை நிறுவிப் பசித்தோர் அனைவருக்கும் வேறுபாடின்றிச் சோறிட்டார். கொல்லாமையை உயர்வு தாழ்வு அளக்கும் கோலாக்குவோர் அந்த இரக்கத்தின் உயிரையே கொன்றுவிடுகின்றனர்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கிய மனநல மருத்துவமனை இன்றும் ஊர்ப் பெயராலேயே வசைச்சொல்லாக வழங்குகின்றது. மனம் நொந்தவனை அங்கு அனுப்ப நாணும் குடும்பம், கவுச்சியை விட்டால் சரியாகும் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொள்கின்றது. நோய் தீராதபோது அவன் விரதத்திற் குறை காண்கின்றது. நோயோடு பழியும் சுமக்கிறான் அவன்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் நகர் புகுந்தபின், வீட்டோர முருங்கையும் கீரைப்பாத்தியும் பலருக்கு இல்லாமற் போயின. கீரையும் பயறும் நம் தட்டுக்கு மீளட்டும். புலாலை விட விரும்புவோர் அருள்கருதி விடட்டும். மனநோயுற்றவனை மட்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. அவன் உண்டது யாதென வினவுவது பின்னர் ஆகட்டும்.