நன்மைக்குக் கணக்கு உண்டா? டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’ முன்வைக்கும் கேள்வி

சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல், அவர் நடத்திவந்த ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில் 1854 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தொடராக வெளிவந்தது. கதை நடக்கும் கோக்டவுன், இங்கிலாந்தின் வட பகுதியில் அன்று பெருகியிருந்த பஞ்சாலை ஊர்களைப் போன்ற ஒரு கற்பனை நகரம். ஆலைத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் இந்த நாவல், அதன் வழியே ஓர் அறவியல் கேள்வியையும் விசாரிக்கிறது: மனிதரின் இன்பதுன்பங்களைக் கூட்டிக் கழித்து, எது நல்லது என்று தீர்மானிக்க முடியுமா?

முடியும் என்றவர் ஜெரமி பெந்தாம். 1789இல் வெளியான நூலில் அவர் பயன்வாதக் கொள்கையை வகுத்தார். ஒரு செயலோ சட்டமோ நல்லதா என்பதை அது விளைவிக்கும் இன்பதுன்பங்களே தீர்மானிக்க வேண்டும். மிகப் பலருக்கு மிகுந்த இன்பம் தருவதே சரியானது என்பது அதன் சாரம். இன்பத்தின் தீவிரம், கால நீட்சி, உறுதி, அண்மை, எத்தனை பேருக்குக் கிட்டும் என்பன முதலாக ஏழு அளவுகோல்களை அவர் சொன்னார். இதில் ஒரு சமத்துவமும் இருந்தது. பிரபுவின் வலியும் ஏழையின் வலியும் கணக்கில் ஒரே மதிப்புடையவை.

பெந்தாம் 1832இல் இறந்தபின் அவர் சிந்தனை அரசு நிர்வாகத்தில் வேகமாகப் பரவியது. 1833இல் மான்செஸ்டரிலும் 1834இல் லண்டனிலும் புள்ளியியல் கழகங்கள் தோன்றின. 1834இன் ஏழைகள் சட்டத் திருத்தத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான எட்வின் சாட்விக், பெந்தாமிடம் செயலாளராக இருந்தவர். உடலுழைப்புக்குத் தகுதியுள்ள ஏழைகளுக்கு, வெளியில் கிடைக்கும் மிகக் கீழான பிழைப்பைவிடவும் மோசமான நிலைமையுள்ள உழைப்பில்லங்களில் மட்டுமே உதவி என்பது அந்தச் சட்டத்தின் கொள்கை. டிக்கன்ஸ் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ காலத்திலிருந்தே அதை எதிர்த்துவந்தார்.

‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் இந்தப் போக்கின் உருவம் தாமஸ் கிராட்கிரைண்ட். தகவல்களைத் தவிர வேறெதையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கூடாது என்பவர். தம் மகன்களில் இருவருக்குப் பொருளியலாளர்களான ஆடம் ஸ்மித், மால்தஸ் ஆகியோரின் பெயர்களை வைத்தவர். அவருடைய பள்ளியில் குதிரைகளோடே வளர்ந்த சர்க்கஸ்காரர் மகள் சிஸ்ஸிக்குக் குதிரை என்றால் என்னவென்று இலக்கணம் சொல்லத் தெரியவில்லை. பிட்ஸர் என்ற மாணவன் பல் எண்ணிக்கை உட்பட ஒப்பித்துவிடுகிறான்.

நாவலின் தத்துவ வாதம் சிஸ்ஸியின் ‘தவறான’ விடைகளில் இருக்கிறது. பத்து லட்சம் பேர் வாழும் ஊரில் ஓராண்டில் இருபத்தைந்து பேர்தான் தெருவில் பட்டினியால் செத்தார்கள் என்றால் அந்த விகிதம் எப்படி என்று ஆசிரியர் கேட்கிறார். மற்றவர்கள் எத்தனை லட்சமானாலும் செத்தவர்களுக்கு அது அதே கொடுமைதான் என்கிறாள் அவள். ஒரு நாட்டில் ஐந்து கோடி பவுன் பணம் இருந்தால் அது செழிப்பான நாடுதானே என்ற கேள்விக்கு, அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது, அதில் தனக்கும் பங்குண்டா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று திகைக்கிறாள். முதல் விடை, ஒருவரின் துன்பத்தை இன்னொருவரின் இன்பம் ஈடுகட்டாது என்கிறது. இரண்டாவது, மொத்தத் தொகை பங்கீட்டை மறைத்துவிடும் என்கிறது. பயன்வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபங்கள் இரண்டும் ஒரு சிறுமியின் தடுமாற்றமாக வந்துவிடுகின்றன.

கொள்கையின் விளைவு கிராட்கிரைண்டின் வீட்டிலேயே தெரிகிறது. மகள் லூயிஸா, தன்னைவிட முப்பது வயது மூத்த ஆலை முதலாளி பவுண்டர்பியை மணக்கலாமா என்பதற்குத் தந்தை திருமணப் புள்ளிவிவரம் காட்டுகிறார். அந்த மணம் முறிகிறது. மகன் டாம் வங்கியில் திருடுகிறான். நம்பிப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்களில் இத்தனை பேர் நேர்மை தவறுவார்கள் என்பது விதிதானே என்று, தந்தை கற்பித்த கணக்கையே அவரிடம் திருப்புகிறான். அவனைப் பிடிக்க வரும் பிட்ஸரிடம் கிராட்கிரைண்ட் இரக்கத்தை வேண்டுகிறார். தான் படித்ததற்குக் கட்டணம் செலுத்தியாயிற்று, கணக்கு தீர்ந்தது என்கிறான் அந்த முன்னாள் மாணவன்.

டிக்கன்ஸின் விமர்சனத்திலும் குறைகள் உண்டு. 1854 ஜனவரியில் அவர் பிரஸ்டன் நகருக்குப் போய், பத்து சதவீதக் கூலி உயர்வு கேட்டுப் போராடிய நெசவாலைத் தொழிலாளரைப் பார்த்தார். அவர்களுடைய ஒழுங்கைத் தம் இதழில் பாராட்டி எழுதினார். நாவலிலோ தொழிற்சங்கப் பேச்சாளர் ஸ்லாக்பிரிட்ஜ் வெறும் வாய்வீச்சுக்காரர். எண்களும் எப்போதும் கொடியவை அல்ல. சாட்விக்கின் 1842 சுகாதார அறிக்கை இறப்புக் கணக்குகளைக் கொண்டே ஏழைத் தெருக்களின் நிலையை அம்பலப்படுத்தி, 1848இன் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு வழிவகுத்தது. தொழிலாளி ஸ்டீபன் பிளாக்பூல் குடிகார மனைவியிடமிருந்து மணவிலக்குப் பெற வழியில்லாமல் தவிப்பதற்கும் காரணம், அதற்கு நாடாளுமன்றத்தின் தனிச் சட்டமே தேவைப்பட்ட அன்றைய நிலை. ஆயிரம் பவுனுக்கு மேல் செலவாகும் அந்த வழி பணக்காரருக்கு மட்டுமே திறந்திருந்தது. கணக்குக்கு மாற்றாக நாவல் காட்டும் சிஸ்ஸியின் அன்பால் அதை மாற்ற முடியாது. 1857இல் நாடாளுமன்றம் மணவிலக்கை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தபின்பே நிலைமை ஓரளவு மாறியது.

பயன்வாதிகளுக்குள்ளேயே திருத்தம் எழுந்தது. தந்தை ஜேம்ஸ் மில்லிடம் மூன்று வயதில் கிரேக்கம் படிக்கத் தொடங்கிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1826இல் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி, வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் ஆறுதல் கண்டார். இன்பங்களில் அளவு மட்டுமல்ல, தரமும் வேறுபடும் என்று 1861இல் அவர் வாதிட்டார். பயன்வாதம் மனிதர்கள் தனித்தனியானவர்கள் என்பதைப் பொருட்படுத்துவதில்லை என்ற குற்றச்சாட்டை 1971இல் ஜான் ராவ்ல்ஸ் நீதி பற்றிய தம் நூலில் முன்வைத்தார். தத்துவவாதி மார்தா நஸ்பாம் 1995இல், பொதுக் கொள்கை வகுப்போருக்கு நாவல் வாசிப்பு ஏன் தேவை என்பதற்கு ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலையே சான்றாக எடுத்துக்கொண்டார்.

எண்ணிக்கை இல்லாமல் பெருந்திரளான மக்களின் துயரம் அரசின் கண்ணில் படாது; எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் அந்தத் துயரம் யாருடையது என்பது மறைந்துபோகும். நாவல் இரண்டாவது ஆபத்தைத் தெளிவாகக் காட்டியது. முதலாவதைக் குறைத்து மதிப்பிட்டது.